ஆறாம் மாதத்துப் படி

திரிங்காப்
11.2.2024

தங்கச்சி ரூபினிக்கு அண்ணன் சிங்காரம் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி செல்லமும் சுகம். கேமரன் மலைக் குளிரைப் பற்றி எழுத வேண்டியதில்லை, நீ அதில் பிறந்தவள். கோலாலம்பூர் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கையில் போன் இருக்கும்போது இவர் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதைக் கேட்டு நீ அழுகிறாய். உன் அழுகை ஸ்பீக்கரில் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிறது. இனிமேல் என் நெஞ்சு விஷயமெல்லாம் கடுதாசியில்தான். நீ அழுதாலும் எனக்குக் கேட்காது. அமிர்தலிங்கம் வாராவாரம் கோலா தெர்லாவிலிருந்து கோபிஸ் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் மொத்த மார்க்கெட்டுக்கு லோரி ஓட்டுகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தாளில் முட்டைக்கோஸ் வாடை அடித்தால் அவனைத் திட்டு.

டிசம்பரில் ஈப்போவில் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டினார்களே, அந்தக் காயம் ஆறிவிட்டது. "ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம் அங்கிள். ஆனா திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேன் ஜூனில்.

வெட்டிய துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். யார் ஆராய்ச்சி என்றேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் பேரைச் சொன்னாள். "அது என் தங்கச்சி வேலைம்மா! எங்க கையெழுத்துப் போடணும், காட்டு" என்றேன். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு தங்கச்சியா என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும். இப்போது நீ சொல், என் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?

லோரி திரும்பும் நாளைப் பார்த்திருக்கும்,
அண்ணன்

கோலாலம்பூர்
25.2.2024

அன்புள்ள அண்ணே,

நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? கடுதாசியோடு வந்த தக்காளிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் ஒரு லோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெருக வேண்டிய நேரத்தில் பெருகும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும். நிறுத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. புற்றை அடக்கும் மரபணுக்கள் என்று சொல்வோம். அவைதான் பிரேக். சிலருக்கு அந்தப் பிரேக் உடைந்துபோகிறது. சிலருக்கு உடைவதே இல்லை. ஆனால் மெத்தில் என்ற சின்னஞ்சிறு துணுக்குகள் வந்து அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. பிரேக்குக்கு அடியில் யாரோ கட்டை வைத்த மாதிரி, மிதித்தால் இறங்காது. அப்படி ஒரு லோரி சிம்பாங் பூலாய் இறக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று அமிர்தலிங்கத்தைக் கேளுங்கள்.

எந்தெந்தப் பிரேக் இப்படிப் பூட்டிக்கிடந்தால், ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் துண்டு எது என்று எனக்குத் தெரியாது, எங்களிடம் எண் மட்டும்தான் வரும். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நூறு பேரைப் பற்றி ஏதோ சொல்லலாம். ஒரு ஆளைக் காட்டி இவருக்கு இப்படித்தான் ஆகும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

ஓர் உதவி வேண்டும். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே மலையில் இருக்கும் புற்று இல்லாத ஆட்கள் வேண்டும். ஐம்பது தாண்டிய ஆண்கள். கொஞ்சம் இரத்தம், கொஞ்சம் சளி, சில கேள்விகள், அவ்வளவுதான். எங்கள் குழு மார்ச்சில் திரிங்காப் பாலாய் மண்டபத்தில் வந்து உட்காரும். சொந்தக்காரர்கள் வருவதால் நான் வரக்கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆட்களை நீங்கள் சேர்த்துத் தருவீர்களா?

ஜூன் ஸ்கேனை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ரூபினி

திரிங்காப்
24.3.2024

தங்கச்சி ரூபினிக்கு,

எல்லாரும் சுகம். எனக்குத்தான் தலை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பெருமையில்.

காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் நின்று, "என் தங்கச்சி கேட்டிருக்கா. ஆனா கண்டவனையும் அனுப்ப மாட்டேன்" என்று சொன்னேன். வந்தவர்களை எல்லாம் நான் லோரியில் ஏற்றவில்லை. இருமுகிறவன் வேண்டாம், பல்லில் கறை உள்ளவன் வேண்டாம் என்று ஒவ்வொருவனாகப் பார்த்துப் பொறுக்கினேன். கோயில் தலைவர் குணாளனையே இறக்கிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

ஊசி போட வந்த பிள்ளைகள் பாலாய் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரே நம் ஆட்கள் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு என்று வரிசை கட்டி நின்றார்கள். ஒரு பெண், "அங்கிள், இந்த ஊருல எல்லாருமே இவ்ளோ ஆரோக்கியமா?" என்று கேட்டாள். "தோட்டத்துக்காரன்னா என்னன்னு நெனச்ச?" என்றேன். ஊசியைக் கண்டாலே ஓடும் விஜயன்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

உன் பேராசிரியரிடம் சொல், சரக்கு முதல் தரம்.

காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளும்,
அண்ணன்

கோலாலம்பூர்
21.4.2024

அன்புள்ள அண்ணே,

நலம்தானே? இருமல் இல்லையே?

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு லோரியைத் தவறவிட்டேன். போன வாரம் பேராசிரியர் கூப்பிட்டு, "உங்கள் மலையில் யாருமே புகைப்பதில்லையா?" என்று கேட்டார். வந்த அத்தனை பேரும் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணே, எனக்கு நம் தோட்டம் தெரியாதா? தொழிற்சாலை விறகுக் குவியலுக்குப் பின்னால் எழும் புகை லயத்திலிருந்தே தெரியும். ஆபரேஷன் வரைக்கும் நீங்களும் அங்கேதானே நின்றீர்கள்!

புகை பிடித்தாலே சில பிரேக்குகளில் அந்த மெத்தில் ஒட்டிக்கொள்ளும், புற்று வராதவர்களுக்கும்கூட. என்னிடம் உள்ள நோயாளிகளில் பாதிக்கு மேல் புகைத்தவர்கள். அவர்களைப் புகையே தொடாதவர்களோடு மட்டும் ஒப்பிட்டால், எது புகை செய்த வேலை, எது நோய் செய்த வேலை என்று எப்படிப் பிரிப்பேன்? புகைத்தும் நோய் வராத ஆட்கள்தான் எனக்கு முக்கியம். நீங்கள் அவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, கூடைக்கு மேலே நல்ல கொழுந்தாகப் பரப்பி அனுப்பிவிட்டீர்கள். இது ஏமாற்று வேலை, அண்ணே.

ஜூலைக்குள் சரியான ஆட்கள் வராவிட்டால் நம் மலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். யோசித்துச் சொல்லுங்கள்.

ரூபினி

திரிங்காப்
30.6.2024

ரூபினிக்கு அண்ணி எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நடக்கிறேன். நீ சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ மே மாதம் எழுதியதும் இந்த மாதம் எழுதியதும் வந்தன. உன் அண்ணன் படித்தார், பதில் எழுதவில்லை. உனக்குத்தான் தெரியுமே, மூக்குக்கு மேல் கோபம். "ஏமாத்து வேலையாம்! வெளியாளு வந்தா வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறது ஏமாத்தா? தொர வராருன்னா லயத்துக்கு வெள்ளை அடிக்கிறோம்லா, அது ஏமாத்தா?" என்று அடுப்படியில் நின்று என்னிடம் கத்தினார். ஏமாற்றினது நான் இல்லையே! ஆனால் அவர் மனசு எனக்குத் தெரியும். தோட்டத்துக்காரன் என்றால் குடிகாரன், புகைகாரன் என்று டவுனில் பேசிவிடக் கூடாது, அதுவும் உன் முன்னால் பேசிவிடக் கூடாது என்று பார்த்தார். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

போன வாரம் அமிர்தலிங்கத்தின் லோரியில் ஏறி ஈப்போவுக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "எடுத்தாங்க" என்றார். வந்ததும் சாமி விளக்கை அவரே ஏற்றினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் என்னைக் கேட்காதே. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி செல்லம்

திரிங்காப்
14.7.2024

தங்கச்சி ரூபினிக்கு அண்ணன் எழுதுவது.

எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று அமிர்தலிங்கம் சொன்னான், கொஞ்சம் இளைத்திருக்கிறாயாம். ஒழுங்காகச் சாப்பிடு.

கோபம் போய்விட்டது. ஏன் போனது என்று கேட்காதே. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கத் தயாராக இரு.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் மண்டபத்தில் இருந்தபோது எழுந்து நின்றேன். "ரோக்கோ ஊதுறவன் மட்டும் இந்தப் பக்கம் வா. நல்லவன்லாம் வீட்டுக்குப் போலாம். இந்தத் தடவ என் தங்கச்சிக்கு நல்லவன் வேணாம்" என்றேன். பெண்சாதிமார் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், எவன் வருவான்? எனக்கே வியர்த்துவிட்டது.

அப்போது எழுந்தான் பார், குணாளன். கோயில் தலைவர்! அவன் புகைப்பது விறகுக் குவியலுக்கும் எனக்கும்தான் தெரியும், அவன் பெண்சாதிக்குத் தெரியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து வந்தான். "முப்பது வருஷமா குடிக்கிறேன். இப்பவாச்சும் ஒரு நல்லதுக்கு ஆவட்டும்" என்றான். அவள் பார்த்த பார்வையில் எனக்கே பயம் வந்தது. ஆனால் அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவனாக எழுந்தான். எண்ணி மாளவில்லை! நம் தோட்டத்தில் இத்தனை பேர் ஊதுகிறான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உன் குழு மறுபடி பாலாய்க்கு வந்த நாளில் லோரி இரண்டு நடை போனது.

இதில் கூத்து என்ன தெரியுமா? முதல் தடவை வெள்ளைச் சட்டையோடு வந்த விஜயனும் ஏறிவிட்டான். அவன் வாழ்நாளில் புகைத்தவன் இல்லை. "என்ன பிராண்டு குடிப்பீங்க அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு முழித்துவிட்டுக் கொசுவத்தியின் பேரைச் சொன்னான். பாலாயே குலுங்கியது. "ஏன்டா வந்தே?" என்றேன். "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்லா?" என்கிறான்.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தாய். அமிர்தலிங்கம் ஹாரன் அடிக்கிறான், பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

கோலாலம்பூர்
18.8.2024

அன்புள்ள அண்ணே,

நலம். உங்கள் கடுதாசியை லேபில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். நம் மலையைக் கைவிடவில்லை. குணாளன் அண்ணனுக்கு வீட்டில் சோறு கிடைக்கிறதா?

இதனுடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். இரண்டு கோடுகள் இருக்கும். இடது ஓரம் ஆபரேஷன் நடந்த நாள், வலது பக்கம் போகப் போக மாதங்கள். மேல் கோடு பிரேக் பூட்டாத நோயாளிகள். கீழ்க் கோடு பூட்டியவர்கள். யாருக்காவது நோய் திரும்பினால் அந்தக் கோடு ஒரு படி இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு ஆள். இப்போதைக்கு இரண்டு கோடும் ஒட்டினாற்போலவே போகின்றன. நன்றாகப் பிரிந்தால்தான் நாங்கள் சொல்வதை உலகம் நம்பும். நவம்பரில் பினாங்கு மாநாட்டில் இதை நான்தான் பேசப்போகிறேன்.

அண்ணே, போனில் கேட்டால் "கடுதாசில எழுதுறேன்" என்கிறீர்கள். கடுதாசியில் எல்லாம் இருக்கிறது, ஸ்கேன் மட்டும் இல்லை. என்ன சொன்னார்கள்?

ரூபினி

திரிங்காப்
22.9.2024

தங்கச்சிக்கு,

சுகம். இங்கே ஓயாத மழை. கியா பார்ம் பக்கம் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது, அதனால்தான் தாமதம். அண்ணி உனக்குப் பலகாரம் செய்து அனுப்பியிருக்கிறாள், வழியில் அமிர்தலிங்கம் தின்றது போக மிச்சம் உனக்கு.

படம் பார்த்தேன். ஒன்று கேட்கிறேன். படி இறங்கினவன் அப்புறம் எங்கே போகிறான்? அவனைக் கோட்டிலிருந்து அழித்துவிடுவீர்களா?

தீபாவளிக்கு வருகிறேன் என்று அண்ணியிடம் சொன்னாயாம். வேண்டாம். பேசி முடித்துவிட்டு வா. நீ பேசுவதைப் பற்றித் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன், என் மானத்தைக் கப்பலேற்றிவிடாதே.

அண்ணன்

கோலாலம்பூர்
20.10.2024

அன்புள்ள அண்ணே,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

யாரையும் அழிப்பதில்லை. நோய் திரும்பியது என்ற செய்தியை அவர் சொல்லிவிட்டார், அதுதான் அந்தப் படி. அதற்குப் பிறகு கோடு மற்றவர்களை எடுத்துக்கொண்டு போகும். அவர் சிகிச்சைக்குப் போவார். படி இறங்கினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. பல வருடம் இருப்பவர்கள் உண்டு.

ஒரு நல்ல செய்தி! ஆஸ்பத்திரிகளிலிருந்து புதுத் தகவல் வந்தது. கோடுகள் பிரிந்துவிட்டன, அண்ணே! புதுப் படம் வைத்திருக்கிறேன், பாருங்கள். இரண்டு வருட உழைப்பு. லேபில் எல்லாரும் கைதட்டினோம். நான் எல்லாருக்கும் மீ கோரெங் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் ரோக்கோ லோரி வராமலிருந்தால் இதை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்?

ரூபினி

திரிங்காப்
10.11.2024

தங்கச்சி ரூபினிக்கு அண்ணன் சிங்காரம் எழுதுவது.

நீ பினாங்கிலிருந்து திரும்பிய பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்று அமிர்தலிங்கத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆகவே, பேசி முடித்திருப்பாய். நன்றாகத்தான் பேசியிருப்பாய், அதை நான் கேட்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் படத்தையும் அக்டோபர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிதாகச் சில படிகள் வந்திருக்கின்றன. கீழ்க் கோட்டில் ஆறாம் மாதத்தில் ஒரு படி, முன்னால் அங்கே இல்லை. டிசம்பரிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். ஜூன்.

தங்கச்சி, அந்தப் படி நான்தான்.

ஜூன் ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தது. "சின்னதுதான் அங்கிள், ஆனா திரும்பிடுச்சி" என்றார் டாக்டர். "இது வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாதா?" என்று கேட்டேன். "உறுதியா சொல்ற வழி இன்னும் வரல. அதுக்குத்தான் ஆராய்ச்சி பண்றாங்க" என்றார். லோரியில் திரும்பும்போது யோசித்தேன். அந்த வழியைத் தேடுகிறவள் என் தங்கச்சி. அவள் ஆள் கேட்டதற்கு நான் வெள்ளைச் சட்டைக்காரர்களை அனுப்பிவிட்டு, அவள் மேலேயே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக வந்தது. ஜூலை முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் எழுந்து நின்றேன். மீதியை உனக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூலையிலிருந்து மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது, விஜயன் பழனி மொட்டை என்கிறான். உன்னிடம் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே ஓடி வந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. அண்ணியைத் திட்டாதே, வாயைத் திறக்கக் கூடாது என்று சாமி மேல் ஆணை வாங்கியிருந்தேன்.

அழாதே. நான் விழவில்லை, கோடுதான் இறங்கியது.

அண்ணன்

கோலாலம்பூர்
19.11.2024

அண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படி இறங்கிய அன்றைக்கு நான் கைதட்டினேன். மீ கோரெங் சாப்பிட்டேன். டிசம்பர், ஜூன் என்று எண்ண எனக்குத் தெரியாதா? அண்ணி விளக்கு விஷயத்தை எழுதிய நாளிலிருந்தே எண்ணாமல் இருந்தேன். எண்ணினால் அந்தப் படத்தை என்னால் வரைந்திருக்க முடியாது.

பினாங்கில் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு உங்களைத்தான் தேடியது. எனக்குக் கோபம் வருகிறது, அண்ணே. சொல்லியிருக்க வேண்டும்.

இனிமேல் கடுதாசி கிடையாது. சனிக்கிழமை லோரியில் நானே வருகிறேன்.

ரூபினி

திரிங்காப்
12.1.2025

முதலில் ஸ்கேன்.

புள்ளி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, மறையவில்லை. மருந்து தொடர வேண்டும் என்றார்கள். இனிமேல் எந்தக் கடுதாசியிலும் சுகம் கேட்பதற்கு முன்னால் இதை எழுதுவேன். நீ வந்து இரண்டு வாரம் தங்கி என் தலையில் அடித்து வாங்கிய சத்தியம், மீற மாட்டேன்.

இனி சுகம். நாங்கள் சுகம், நீ எப்படி?

மீ கோரெங்கை நினைத்து இன்னும் அழுகிறாயாம், அண்ணி சொன்னாள். பைத்தியமே! நீ கைதட்டினாய் என்று படித்தபோது நான் வீடு அதிரச் சிரித்தேன். இருமல் வந்து அண்ணி முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. என் படிக்கு ஊரெல்லாம் மீ கோரெங் தின்றிருக்கிறது, எனக்கு மட்டும் ஒரு தட்டு இல்லை. அதுதான் என் வருத்தம். அடுத்த முறை வரும்போது வாங்கி வா, முட்டை போட்டு.

நீ விட்டுப்போன படத்தைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். கீழே கேமரன் மலைத் தோட்ட மக்களுக்கு நன்றி என்று போட்டிருக்கிறாயே, குணாளன் அதைத் தன் பெண்சாதியைக் கூட்டி வந்து காட்டினான். அவள் அன்றைக்குத்தான் அவனோடு பேச ஆரம்பித்தாள். விஜயன் தினமும் வந்து, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்கிறான். "நீ ரெண்டு லோரியிலயும் ஏறுனதால ஒன்ன வரைய எடம் போதலடா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருகிறவன் எல்லாம் அது என்ன மாடிப்படி என்று கேட்கிறான். நான் எழுந்து போய் ஆறாம் மாதத்தில் விரலை வைத்துக் காட்டுகிறேன். "இந்தப் படி நான். கோடு போட்டவ என் தங்கச்சி" என்று சொல்கிறேன்.

அண்ணன்
சிங்காரம்